தாய்ப்பால் கொடுத்தால் பணம்: இங்கிலாந்தில் செய்து பார்த்தார்கள், நமக்கு ஆகுமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணம் தவணை தவணையாக வருவது இங்கே பலருக்கும் தெரியும். கர்ப்பத்தைச் சீக்கிரம் பதிந்தால் ஒன்று, தடுப்பூசி போட்டால் ஒன்று. 2018-லிருந்து மொத்தம் 18,000 ரூபாய், அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக. தாய்ப்பாலுக்கென்று மட்டும் ஒரு தவணை கிடையாது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 99.6 சதவீதம் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை 55.1 சதவீதம். அகில இந்தியக் கணக்கு 63.7. பிரசவ அறை வரை முன்னால் நிற்கும் மாநிலம், வார்டுக்கு வந்ததும் பின்தங்கிவிடுகிறது.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் கிளேர் ரெல்டன் குழு 2013-ல் ஒரு காரியம் தொடங்கியது. தாய்ப்பால் கொடுக்கும் வழக்கம் அருகிப்போன பகுதிகளில், கொடுக்கும் தாய்க்கு 200 பவுண்டு வரை கடை வவுச்சர். நாற்பது நாற்பதாக ஐந்து முறை: குழந்தை பிறந்த 2-ஆம் நாள், 10-ஆம் நாள், ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம். முதலில் சின்னதாகச் செய்து பார்த்துவிட்டு, பிறகு 92 வார்டுகளை (ஆஸ்பத்திரி வார்டு அல்ல, ஊர்ப்பகுதி) குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பத்தாயிரம் தாய்-சேய் ஜோடிகளை வைத்துச் சோதித்தார்கள். 2017 கடைசியில் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் முடிவு வந்தது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் வவுச்சர் உள்ள வார்டுகளில் 37.9 சதவீதம், இல்லாத வார்டுகளில் 31.7. மற்ற வேறுபாடுகளைச் சரிக்கட்டிய பிறகு வித்தியாசம் 5.7 புள்ளி.

சுவரொட்டி, உறுதிமொழி, ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரக் கோலப்போட்டி எல்லாம் நாமும் பல வருஷமாகச் செய்கிறோம். நம் திட்டத்தில் 2,000 ரூபாயில் ஒரு தாய்ப்பால் தவணை சேர்த்தால் என்ன? எதிர்ப்பவர்கள் காரணத்தோடு எதிர்க்கவும்.

---

ஒத்தக்கடையான்:

பெத்த பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூலியா? அடுத்து இடுப்பில் தூக்கி வைக்க எவ்வளவு, மூக்கைத் துடைக்க எவ்வளவுன்னு விலைப்பட்டியல் ஒட்டிடலாம். எங்க ஆத்தா ஏழு பேருக்குக் கொடுத்தா. எந்த கவர்மெண்டும் அவளுக்குக் காசு கொடுக்கல.

---

பவர்டேபிள்:

ஒத்தக்கடையாண்ணே, உங்காத்தா பிள்ளையத் தூளியில போட்டுட்டுக் காட்டு வேலை பாத்திருப்பாங்க. பிள்ளை அழுதா வரப்புல உக்காந்து கொடுத்திருப்பாங்க. எங்க கம்பெனியில தூளி கட்ட எடம் எங்கன்னு நீங்களே வந்து காட்டுங்க. மத்ததை ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு எழுதறேன்.

---

டான்காஸ்டர் மலர்:

நான் அந்த வவுச்சர் நடந்த வட்டாரத்தில் இருக்கிறேன். அந்தச் சமயம் எங்கள் ஏரியா குழந்தைகள் மையத்தில் தன்னார்வலராகத் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்தேன். வெளியே தெரியாத சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் ஊர். இவை நிலக்கரிச் சுரங்க ஊர்கள். சுரங்கம் மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இங்கே பிள்ளை பெறும் பெண்ணின் அம்மாவும் புட்டி, பாட்டியும் புட்டி. தெருவில், பஸ்ஸில், உறவில் ஒருத்தியும் மாரில் போட்டுக் கொடுத்து அவள் பார்த்ததே இல்லை. நம் ஊரில் "பால் பத்தல" என்று மாமியார் சொன்னாலும், பக்கத்து வீட்டு அத்தை வந்து "இப்படிச் சாய்ச்சுப் பிடி" என்று காட்டுவாள். இங்கே அந்த அத்தை இல்லை. முதல் வாரம் காம்பு வெடித்து ரத்தம் வரும்போது, "எதுக்குடி இந்த வேதனை, டப்பா வாங்கு" என்று அன்போடு சொல்கிற அம்மாதான் இருக்கிறாள்.

அந்த இடத்தில் வவுச்சர் என்ன செய்தது? நாற்பது பவுண்டுக்கு ஆசைப்பட்டு யாரும் ஆறு வாரம் தூக்கம் கெடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சின்னப் பெண் என்னிடம் சொன்னாள்: "எங்கம்மாகிட்ட, இன்னும் கொஞ்சம் நாள்தான், அடுத்த வவுச்சர் வந்துடும்னு சொல்லிச் சமாளிக்கிறேன்." விட்டுவிடச் சொல்பவர்களுக்கு எதிராக அவளுக்கு ஒரு சாக்கு கிடைத்தது. சாக்கு என்றாலும் அது அரசாங்க முத்திரையோடு வந்த சாக்கு.

இரண்டாவது, தாய்ப்பால் "மட்டும்" என்ற நிபந்தனை அதில் இல்லை. புட்டியும் கொடுத்துத் தாய்ப்பாலும் கொடுத்தால் சேர்த்தி. பீய்ச்சிக் கொடுத்தாலும் சேர்த்தி. தாய் கையெழுத்துப் போட வேண்டும், கூடவே பிரசவம் பார்க்கும் மிட்வைஃபோ வீட்டுக்கு வரும் ஹெல்த் விசிட்டரோ கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்றாவது, "பாலுக்குக் காசா" என்று கேட்பவர்களுக்கு. இந்த நாட்டில் வருமானம் குறைந்த கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைத் தாய்மார்களுக்கும் 'ஹெல்தி ஸ்டார்ட்' உதவி உண்டு. அதைக் கொண்டு காய்கறி, பழம், பால் வாங்கலாம். பவுடர் பாலும் வாங்கலாம். டப்பாவுக்கு அரசாங்கக் காசு போவதைப் பார்த்து ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தாய்ப்பாலுக்கு என்றதும் 2013-ல் பத்திரிகைகள் கத்திய கத்து இருக்கிறதே!

---

கணக்குப்பிள்ளை:

மலர் அக்கா சொன்ன சாக்குதான் நான் கேட்பதும். இங்கேயும் அது தேவைப்படும் வீடுகள் உண்டு.

---

குழந்தைகள் வார்டு:

நான் மருத்துவர். அந்த ஆய்வின் அட்டவணையை முழுக்கப் படிக்க வேண்டும், தலைப்பை மட்டும் அல்ல. பிறந்தவுடன் தாய்ப்பால் தொடங்கியவர்கள் விகிதத்தில் உறுதியாகச் சொல்லும் வித்தியாசம் இல்லை. ஆறு-எட்டு வாரத்தில் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்கள் 27.0 சதவீதமும் 24.1 சதவீதமும், அதுவும் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. அதாவது, முழுக்க விட்டிருக்கக்கூடிய சிலர் கொஞ்சமாவது தொடர்ந்தார்கள். இங்கிலாந்துக்கு அது லாபம். கணக்குப்பிள்ளை காட்டுகிற 55.1 'தாய்ப்பால் மட்டும்' கணக்கு. அந்த ஆய்வு அசைக்காத எண்ணை நகர்த்த அந்த ஆய்வையே ஆதாரம் காட்டுகிறீர்கள்.

பணம் வேலையே செய்யாது என்று நான் சொல்லவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் வருமானம் குறைந்த போர்ட்டோ ரிக்கப் பெண்கள் 36 பேரை வைத்து ஒரு சிறு சோதனை 2017-ல் வெளியானது. மாதாமாதம் பணம், தொடரத் தொடரத் தொகை ஏறும். ஆறாவது மாதத்தில் பணம் பெற்ற பிரிவில் 72 சதவீதம் பேர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், மற்றப் பிரிவில் ஒருவரும் இல்லை. அங்கே மாதம் தவறாமல் ஆள் வந்து, குழந்தை குடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பணம். 36 பேரிடம் அது முடியும்.

நம் வார்டின் கதை வேறு. தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம். மயக்கம் தெளியும் முன்னே குழந்தை வெளியே கைமாறிவிடுகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைப்பது 60.2 சதவீதக் குழந்தைகளுக்குத்தான். சீம்பால் சில சொட்டுதான் வரும், பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவதும் இயல்பு. இதை யாரும் சொல்லித் தராததால் "பால் ஊறல டாக்டர்" என்று இரண்டாம் நாளே டப்பா வந்துவிடுகிறது. குழந்தை எவ்வளவு சப்புகிறதோ அவ்வளவுதான் ஊறும். புட்டி உள்ளே வந்தால் சப்புவது குறையும், ஊறுவதும் குறையும். அப்புறம் "பத்தல" என்பது நிஜமாகவே ஆகிவிடும். இந்த 48 மணி நேரத்தில் தாய்க்கு வேண்டியது பக்கத்தில் உட்காரும் ஒரு செவிலியர். ஆறு மாதம் கழித்து வரும் 2,000 ரூபாய் அங்கே எதற்கு உதவும்?

---

ஒத்தக்கடையான்:

டாக்டரே நம்ம பக்கம்.

---

குழந்தைகள் வார்டு:

இல்லை. உங்கள் பக்கத்தில் நிற்க எனக்கு விருப்பமும் இல்லை.

---

பவர்டேபிள்:

ஷிப்ட் முடிஞ்சுது. ஒன்றரை ஷிப்ட்.

திருப்பூர்ல பனியன் கம்பெனி. முதல் பையன் பொறந்தப்ப நான் செக்கிங்ல இருந்தேன், கான்ட்ராக்ட் ஆள், ஈ.எஸ்.ஐ. காப்பீட்டுப் பிடித்தம் கெடையாது. சட்டத்துல 26 வாரம் சம்பளத்தோட லீவு, 2017-ல இருந்து. ஈ.எஸ்.ஐ. இருக்கறவிங்களுக்கு அது கெடைக்கும். எனக்குப் பேரே பதிவுல இல்லீங்க. நான் வேலைக்கு வந்தா சனிக்கெழமை சம்பளம், வரலைன்னா ஒண்ணும் இல்ல. மூணாம் மாசம் வேலைக்குப் போயிட்டேன். எங்க மாமியா பையனைப் பாத்துக்கிட்டாங்க, டப்பா பால்ல. பதினொரு மணி டீ டைமுக்கெல்லாம் மாரு கட்டி, சேலை நனைஞ்சு, பாத்ரூம்ல பீய்ச்சி ஊத்துவேன். அந்தப் பாலுக்கு எந்த ஊர் அரசாங்கம் காசு கொடுக்கும்?

எனக்குத் தாய்ப்பாலோட அருமை தெரியாம இல்ல. நர்ஸம்மா சொன்னாங்க, ஆஸ்பத்திரிச் சுவத்துல எழுதியிருந்துச்சு, டிவியில சொன்னாங்க. தெரிஞ்சுதான் ஊத்தினேன்.

கணக்குப்பிள்ளை சார், நீங்க சொல்ற 2,000 எனக்கு ஒரு வாரச் சம்பளத்துக்கு வராது. ஆறு மாசம் வீட்ல உக்காரச் சொல்லிட்டு ஒரு வாரக் காசு கொடுத்தா, அது ஏற்கெனவே வீட்ல இருக்கறவிங்களுக்குத்தான் கெடைக்கும். புருசன் சம்பாத்தியம் இருக்கறவ வாங்குவா. எனக்கு வேணும்கறப்ப, நான் தகுதி இல்லைன்னு எழுதிருவாங்க.

---

கணக்குப்பிள்ளை:

இதற்கு என்னிடம் பதில் ஒன்று உண்டு, ஆனால் உங்கள் மனதைக் கஷ்டப்படுத்தாமல் சொல்ல வேண்டும். லீவு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றால் இங்கிலாந்து முதலிடத்தில் இருந்திருக்க வேண்டும். அங்கே 52 வாரம் லீவு எடுக்கலாம், 39 வாரம் ஏதோ ஒரு அளவில் பணமும் உண்டு. 2010-ல் எடுத்த தேசியக் கணக்கில் 81 சதவீதம் பேர் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆறு மாதத்தில் 34 சதவீதம் பேர்தான் தொடர்ந்தார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். வீட்டில் இருந்துகொண்டே விட்டவர்கள் இவர்கள்.

டாக்டருக்கும் ஒரு வார்த்தை. 5.7 புள்ளியை அற்பமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நூறு தாய்மாரில் கிட்டத்தட்ட ஆறு பேர் கூடுதல். பத்தாயிரம் பேர் அளவில் ஒரு துண்டுப் பிரசுரம் அவ்வளவு நகர்த்தியதாக நான் படித்ததில்லை.

---

டான்காஸ்டர் மலர்:

இரண்டு பேரும் சொல்வது சரிதான், ஏனென்றால் இரண்டு ஊரிலும் பூட்டு வேறு வேறு இடத்தில் தொங்குகிறது. இங்கே நேரம் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. திருப்பூரில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது, நேரம் இல்லை. வவுச்சர் அறிவித்தபோது மிட்வைஃப்களின் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் மிட்வைவ்ஸ் என்ன சொன்னது தெரியுமா? பணத்தைக் காட்டி வரவழைக்கும் ஆசை நிற்காது, தாய்மாருக்குத் துணை நிற்கப் போதுமான மிட்வைஃப் கொடுங்கள் என்றது. எங்கள் மையத்திலும் ஆள் குறைந்துகொண்டேதான் போனது.

---

பருத்தித்துறைப் பிள்ளை:

இஞ்சத்தைய கதையையும் கேளுங்கோ. இலங்கையில 2016 ஆம் ஆண்டு கணக்கெடுப்பில ஆறு மாசத்துக்கு உட்பட்ட பிள்ளையளில 82 வீதம் தாய்ப்பால் மட்டும்தான். அதுக்குப் பத்து வருசம் முந்தி 76 வீதம் அளவில இருந்தது. தாய்ப்பால் குடுத்தால் காசு எண்டு இஞ்ச ஒருத்தரும் குடுக்கேல்லை. கர்ப்பிணியளுக்குப் போசாக்குக்கு எண்டு மாசம் 2,000 ரூபாப்படி பத்து மாசத்துக்குப் பொருள் வவுச்சர் 2015 இல தொடங்கினது, திரிபோஷா எண்ட சத்துமாவும் குடுக்கிறவை. அது தாய் சாப்பிடுறதுக்கு. பால் குடுக்கிறியோ இல்லையோ எண்டு அதில கேள்வி இல்லை.

பிறகு எப்பிடி எண்டால், எங்கட மிட்வைஃப் மிஸ். சைக்கிளிலயோ ஸ்கூட்டியிலயோ வீடு தேடி வருவா. பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள்ளயே வந்து பிள்ளையை மடியில போட்டு, நீ எப்பிடிப் பிடிக்கிறாய் காட்டு எண்டு கேப்பா. என்ர அம்மா பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிற சரக்குக் கறி வைக்கிறதிலயே கண்ணாய் நிண்டா. மிஸ் வந்துதான் பிள்ளை காம்பை மட்டும் சப்புது, கருவட்டமும் வாய்க்குள்ள போகவேணும் எண்டு திருத்தினவ. அரை நிமிச வேலை. அதோட நோவு நிண்டிட்டுது.

லீவு எண்டு பாத்தால் 84 வேலை நாள்தான், இந்தியாவில சட்டத்தில இருக்கிறதை விடக் குறைய. அதுக்குப் பிறகு வேலையிடத்தில பால் குடுக்க நாளுக்கு இரண்டு தரம் நேரம் விடவேணும் எண்டு சட்டம். தனியார் கடையளில அது நடக்கிற லட்சணம் வேற கதை, அதை விடுவம்.

---

பிள்ளையில்லாப் பட்டம்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். 28 வாரத்தில் பிறந்த குழந்தை, வென்டிலேட்டர், எனக்கு ரத்த அழுத்தம், ஐ.சி.யு. பால் வரவேயில்லை. அரசு மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கியில் முகம் தெரியாத யாரோ கொடுத்த பால்தான் முதலில் அவள் வயிற்றுக்குப் போனது. எழும்பூரில் 2014-ல் தொடங்கி மற்ற ஊர்களுக்கும் அந்த வங்கிகள் வந்ததே, அது எனக்கு உதவியது. உங்கள் தவணை வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஊரில் எல்லாப் பெண்ணுக்கும் 2,000 வந்திருக்கும், எனக்கு வந்திருக்காது. "ஏன் உனக்கு மட்டும் வரல?" என்று கேட்க ஒரு நூறு பேர் இருக்கிறார்கள். ஏற்கெனவே கேட்கிறார்கள்.

ஷெஃபீல்டில் இப்படிப்பட்டவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று யாராவது சொல்லுங்கள்.

---

டான்காஸ்டர் மலர்:

கொஞ்சமாவது தாய்ப்பால் போனால் சேர்த்தி என்று வைத்ததே அதற்கு ஒரு பாதி பதில். மீதிப் பாதிக்குப் பதில் இல்லை. முடியாதவர்களுக்கு வவுச்சர் கிடையாது. 2013-ல் எழுந்த எதிர்ப்பில் எனக்கு நியாயமாகப் பட்டது இது ஒன்றுதான்.

---

பழைய நர்ஸம்மா:

கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி கணக்குப்பிள்ளைக்கு ஒரு பழைய செய்தி. நீங்கள் கேட்கும் தவணையை மத்திய அரசு ஏற்கெனவே வைத்துப் பார்த்துவிட்டது.

2010-ல் இந்திரா காந்தி மாத்ருத்வ சஹயோக் யோஜனா என்று நாடு முழுக்க ஐம்பது சொச்சம் மாவட்டத்தில் கொண்டுவந்தார்கள். மொத்தம் 4,000 ரூபாய், மூன்று தவணை. கடைசி 1,000 ரூபாய்க்கு என்ன நிபந்தனை? ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, அதன்பின் இணை உணவு தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு யார் சான்று? தாயே. வேறு எப்படிச் செய்ய முடியும், சொல்லுங்கள். தடுப்பூசிக்கு அட்டையில் தேதி இருக்கும். பிரசவத்துக்கு டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு மாரில் போட்டாளா புட்டியை வைத்தாளா என்பதற்கு எந்தச் சீட்டு? 2017-ல் அந்தத் திட்டம் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா என்று மாறியபோது, கடைசித் தவணைக்குப் பிறப்புப் பதிவும் முதல் சுற்றுத் தடுப்பூசியும் என்று வைத்தார்கள். தாய்ப்பால் நிபந்தனை போய்விட்டது.

என் அனுபவத்தில் இதில் பெரிய நஷ்டம் ஏமாற்று அல்ல. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பொய் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் என்னிடம் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டால் என் வேலை முடிந்தது. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து "பாப்பாவுக்கு வேற என்ன கொடுக்கற?" என்று கேட்பேன். பிறந்ததும் நாக்கில் சேனை வைத்ததையும், சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்ததையும், வயிறு உப்புசத்துக்கு வசம்பு உரைத்து ஊற்றியதையும் அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சொல்வாள், மாமியார் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து. அதைக் கேட்டுத்தான் நான் திருத்த முடியும். என் கையெழுத்தில் காசு இருக்கிறது என்று ஆகிவிட்டால் "தாய்ப்பால் மட்டும்தாங்க" என்ற ஒரே பதில்தான் எல்லா வீட்டிலும் வரும். நம் கணக்கு 55-லிருந்து 90-க்குப் போகும், குழந்தை குடிப்பது மாறாது.

---

குழந்தைகள் வார்டு:

அந்த இங்கிலாந்து ஆய்விலும் 37.9 என்பது வீட்டுக்குப் போகும் பணியாளர்கள் வழக்கமாகக் குறிக்கும் பதிவிலிருந்து எடுத்ததுதான். நர்ஸம்மா சொல்வது அங்கும் கொஞ்சம் பொருந்தலாம்.

---

கணக்குப்பிள்ளை:

நர்ஸம்மாவின் கடைசிப் பத்தி எனக்கு உறைக்கிறது. நிபந்தனையை எடுத்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு கணக்கு மிச்சம் இருக்கிறது. ஷெஃபீல்டில் ஆறு வாரத்தில் வவுச்சருக்குத் தகுதியான முப்பத்தெட்டு பேரில் முப்பத்திரண்டு பேர் எப்படியும் கொடுத்திருப்பார்கள். விமர்சகர்கள் இதைத்தான் வீண்செலவு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கைக்குழந்தையோடு இருக்கும் ஏழைத் தாய் கைக்குப் போன பணம் வீணாகாது. அப்படியானால் தாய்ப்பால் என்ற பெயரை எடுத்துவிட்டு, பிறந்ததிலிருந்து ஆறு மாதத்துக்கு மாதாமாதம் என்று கொடுத்தால்? பவர்டேபிள் அம்மாவுக்கு அது லீவுச் சம்பளம். 28 வாரக் குழந்தையின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ் செலவு. யாரும் யாரையும் சோதிக்க வேண்டாம்.

---

பவர்டேபிள்:

மாசம் எவ்வளவு?

---

கணக்குப்பிள்ளை:

இப்போதுள்ள 14,000 ரொக்கத்தைக் கர்ப்ப காலத்திலும் பின்னாலும் சிதறவிடாமல், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு மாதத்துக்கு மட்டும் பிரித்தால் மாதம் 2,300 சொச்சம் வரும்.

---

பவர்டேபிள்:

பத்தாதுங்க. வீட்டு வாடகைக்கே பத்தாது. அதை வாங்கிட்டும் நாலாம் மாசம் நான் கம்பெனிக்குத்தான் போவேன். கான்ட்ராக்ட்ல இருக்கறவளையும் ஈ.எஸ்.ஐ.ல சேக்கணும், அதுதான் எனக்குப் பணம். அதைவிட்டுட்டு எதைக் கொடுத்தாலும் ஊட்டச்சத்து மாவு டப்பா மாதிரி வாங்கிக்குவோம், சந்தோசம், அவ்வளவுதான்.

---

பழைய நர்ஸம்மா:

கர்ப்ப காலத் தவணையில் கை வைக்காதீர்கள் தம்பி. முதல் தவணைக்காகத்தான் பாதிப் பெண்கள் மூன்றாம் மாதத்துக்குள் பதியவே வருகிறார்கள். அங்கே பணம் நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் ஒரு நாள் வந்து பெயர் கொடுத்தால் முடிந்தது. தாய்ப்பால் அப்படி ஒரு நாள் காரியம் இல்லை.

---

ஒத்தக்கடையான்:

பவர்டேபிள் தங்கச்சி, ஈ.எஸ்.ஐ. இல்லாம வேலை வாங்குறது குத்தம்தானே? எங்க எழுதிப் போடணும்?

---

பவர்டேபிள்:

ஈ.எஸ்.ஐ. கிளை ஆபீஸ்ல கொடுக்கலாம்ணே. கொடுத்தவ மறுநாள் வேலைக்கு வரமாட்டா, அவ்வளவுதான். தனியாக் கொடுத்தா இப்படி. சங்கத்துல சேந்து கொடுக்கறாங்க, அங்க ஒண்ணு ரெண்டு எடத்துல நடந்திருக்கு. ஞாயித்துக்கெழமை கூட்டம் இருக்கு, நான் போறேன்.